பெண்பிள்ளைகளுக்குப் பந்தடி பழக்கிய சேர்

எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது என்று பள்ளிக்கூட அதிபரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களை ஆர் விளையாடச் சொன்னது ரீச்சர்? பெண்பிள்ளைகளின்ர அணி வெளியில போறதெண்டால் ஒரு ரீச்சர் கூடப் போகவேணும். பழக்கிறது சேர். நீங்கள் பிள்ளைகளோட நிண்டால் காணும்."

"மனையியல் ரீச்சரைக் கேளுங்கோவன்."

"அவ பிள்ளைப்பேற்று லீவில போறா."

அப்படித்தான் நான் அகப்பட்டேன். நான் கணித ஆசிரியை. வெயிலில் நின்றால் தலையிடி வரும். பாடம் முடிந்ததும் வீட்டுக்குப் போய், துறைமுகத்தில் வேலை செய்யும் கணவர் வருவதற்குள் சமையலை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுப்பேன். அந்தப் படுக்கை பதினொரு வருடங்களுக்கு இல்லாமல் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடம் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சரிவில் இருக்கிறது. கலவன் பாடசாலை என்றுதான் பெயர்ப்பலகை சொல்லும். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கெட்டிக்காரப் பெடியன்களை நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். மேல் வகுப்புகளில் பெண்பிள்ளைகள்தான் நிறைந்திருப்பார்கள். சரிவின் அடியில் ஒரு மைதானம் உண்டு. விளையாட்டுப் போட்டிக்கு வருடத்தில் ஒரு தடவை அதில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். மற்ற நாட்களில் அது நகரத்துக்குள் திரியும் மான்களுக்கு உரியது.

சேர் எங்களிடம் இடமாற்றத்தில் வந்தவர். அதற்கு முன் பதினான்கு வருடம் ஓர் ஆண்கள் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தார். அவர் பழக்கிய பெடியன்கள் இரண்டு முறை அகில இலங்கைப் போட்டியில் அரையிறுதி வரை போனவர்கள். ஒரு செல்வாக்கான தகப்பனின் மகனை அணியில் போடாததால்தான் இடமாற்றம் வந்தது என்று ஆசிரியர் ஓய்வறையில் கதை. ஒரு நாள் நானே கேட்டேன். "நல்ல பெடியன் ரீச்சர். ஓடத்தான் விருப்பமில்லை" என்றார்.

ஆள் கட்டை. சல்லிக் கிராமத்தில் கரைவலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் ஒரு கழகத்துக்குக் கோல் காத்தவர். இடது கையில் இரண்டு விரல்கள் நேராக நிமிராது. சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. பந்துகளைப் பழைய மீன்வலைத் துண்டில் பொதியாகக் கட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு வருவார்.

வந்த புதிதில் பழக்குவதற்கு அவருக்குப் பெடியன்கள் இருக்கவில்லை. ஒரு காலையில், வளவு கூட்டிக்கொண்டிருந்த தரம் ஒன்பது பிள்ளைகள் வெறும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை ஒருத்திக்கொருத்தி தட்டி விளையாடியதைப் பார்த்திருக்கிறார். ஒருத்தி, கையில் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடியே, பறந்து வந்த போத்தலைப் பாதத்தின் உட்பக்கத்தால் அமுக்கி நிறுத்தியிருக்கிறாள். "அதை ஆரும் அவளுக்குப் பழக்கேல்லை ரீச்சர். பெடியன்களுக்கு அதைப் பழக்க எனக்கு ஆறு மாதம் பிடிக்கும்" என்று பின்னொரு நாள் சொன்னார். அன்று பின்னேரமே அதிபரின் அறைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் நான் அகப்பட்டேன்.

பிள்ளைகள் விரும்பினால் மட்டும் போதாது. வீட்டிலும் ஓம் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீடாகப் போனோம். சேர் தன் மோட்டார் சைக்கிளில், நான் பின்னால் ஓட்டோவில். சில தாய்மார் சிரித்தார்கள். சிலர் கறுத்துப் போவாள் என்றார்கள். எல்லோரும் கடைசியில் ரியூசனைப் பற்றிக் கேட்டார்கள். ரியூசன் குழம்பாமல் இருக்கப் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு வைப்பதாகச் சேர் சொன்னார். என்னை அவர் ஒரு சொல் கேட்கவில்லை.

கோல் காக்க அவர் மனதில் வைத்திருந்த பிள்ளையின் தகப்பன், கிண்ணியாவில் பிறந்து நகரத்தில் குடியேறியவர். மீன் லொறி ஓட்டுபவர். எங்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, மரியாதையாகவே மறுத்தார்.

"சேர், நான் உங்களப் பிழையா நினைக்கல்ல. ஆனா ஊர் கதைக்கும். காற்சட்டையோட புள்ள ஓடினா நான் எப்படி வெளிய முகம் காட்டுற?"

"கோல் காக்கிற ஆள் முழுக்கைச் சேட்டும் நீட்டுக் காற்சட்டையும் போடலாம். அது விளையாட்டுச் சட்டத்திலேயே கிடக்கு. தலையில கட்டுறதையும் கட்டட்டும். எனக்கு அவவின்ர கைதான் வேணும்" என்றார் சேர்.

தகப்பன் யோசித்தார். திரைச்சீலைக்குப் பின்னால் மகள் நிற்பது கீழே தெரிந்த காலால் எங்களுக்கு விளங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், நீங்க கூட நிப்பீங்களா? ஒவ்வொரு நாளுமா?"

அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நிப்பன்" என்றேன்.

முதல் வேலை மான்களைக் கலைப்பது. இரண்டாவது வேலை அவை விட்டுப்போனதைக் கூட்டுவது. அதன் பிறகுதான் பந்து. கடல் பக்கம் போகும் பந்தை எடுக்க ஒருத்தி முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். நான் குடையுடன் ஒரு கல்லில் குந்தியிருந்து வினாத்தாள் திருத்துவேன்.

முதல் வருடம், பக்கத்துப் பாடசாலைகளோடு மட்டும் நடக்கும் வலயப் போட்டியில் எட்டுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் அழுதார்கள். சேர் ஆறுதல் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் எழும்பி நின்று, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முதல் கோல் விழேக்க ஆர் எங்க நிண்டனீங்கள்?" என்று கேட்டார். ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். மற்றவள், இல்லை, நீ அங்கே நிற்கவில்லை என்றாள். இரண்டாவது கோலுக்கு வரும்போது எல்லோரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது கோலுக்கு ஒருத்தியும் அழவில்லை. அடுத்த நாள் காலை மைதானத்தில் கற்களை வைத்து எட்டுக் கோல்களையும் ஒவ்வொன்றாக நடக்கவிட்டுக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்தில் போய் நின்றது. பிறகு, நிற்க வேண்டிய இடத்துக்கு நடந்து போனது. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் எத்தனை அடி என்று அவர்களையே அளக்கச் சொன்னார்.

அன்றுதான் நான் வினாத்தாளை மூடிவைத்தேன்.

கொஞ்ச நாளில், கோல் காக்கும் பிள்ளை ஏன் கோட்டை விட்டு முன்னுக்கு வர வேண்டும் என்பதை அவர் விளங்கப்படுத்த முயன்றார். அவளோ பயத்தில் கோட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு தடியை எடுத்து மண்ணில் கீறினேன். பந்து ஒரு புள்ளி, கம்பங்கள் இரண்டு புள்ளி. முக்கோணம். "இந்த உச்சிக்குக் கிட்டக் கிட்டப் போனால் நீ மறைக்க வேண்டிய அகலம் என்னாகுது?" என்று கேட்டேன். "குறையுது ரீச்சர்." "எவ்வளவு?" போன கிழமைதான் வகுப்பில் அந்தக் கணக்கைப் படிப்பித்திருந்தேன். அவள் கணக்கைச் செய்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். பிறகு ஒரு நாளும் கோட்டில் நிற்கவில்லை.

சேர் அந்தக் கீறலைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இருவது வருசமா நான் இதை வாயால சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றார். அடுத்த நாள் அவரே எனக்கு ஒரு விசில் வாங்கி வந்தார்.

இரண்டாம் வருடம் வலயத்தில் மூன்றாமிடம். மூன்றாம் வருடம் அந்தப் பிள்ளை வந்தாள்.

கட்டைபறிச்சானிலிருந்து நகரத்துக்குப் படிக்க வந்து, சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள். மெலிந்த நெடுவல். பந்து காலில் பட்டால் அதற்குப் பிறகு அவளைப் பிடிப்பது கடினம். பதினேழு வயதுக்குட்பட்ட அணியில் அவளைச் சேர் முன்னுக்கு விட்டார். வலயம் வென்றோம். மாவட்ட இறுதியில் கிண்ணியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றை மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். மூன்றில் இரண்டு அவளுடையது. எங்கள் பள்ளிக்கூடத்தின் கண்ணாடி அலுமாரிக்குள் முதன்முதலாக ஓர் உதைபந்தாட்டக் கிண்ணம் ஏறியது. அதிபர் அதைக் காலைக் கூட்டத்தில் உயர்த்திக் காட்டினார். மாகாணப் போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது.

அந்த இடைவெளியில் அவளுடைய தாய் மகளைப் பார்க்க வந்தா. ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் வெண்டிக்காயும் கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் என்னிடமும் சேரிடமும் தந்தா. பிள்ளை ஓடுவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றபடி கதைத்தா.

"இவள் பிறக்கேக்க எங்கட பக்கத்தால வெளியில வர ஒரு பாதை இல்லை சேர். பதியிறதுக்கே ஏலாமல் போச்சு. ரெண்டு வயசு முடிஞ்சபிறகுதான் கொண்டுபோய்ப் பதிஞ்சனாங்கள். எழுதினவர் பதிஞ்ச வருசத்தையே பிறந்த வருசமாப் போட்டுட்டார். நானும் ஒண்டும் சொல்லேல்லை. என்னத்துக்கெண்டு விட்டனான்."

சொல்லிவிட்டு, மகளின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டா. பிறகு மூதூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டா.

சேர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கேட்டனீங்கள்தானே ரீச்சர்."

"நான் ஒண்டும் கேட்கேல்லை சேர்."

அவர் சிரித்தார். "எனக்குக் கேட்டிட்டுது."

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. அடையாள அட்டை, பரீட்சை விண்ணப்பம், எல்லாம் அந்தப் பிறப்புச் சான்றிதழின் படிதான், சட்டத்துக்கு அவள் பதினாறு வயதுப் பிள்ளை என்றேன். நாங்கள் ஒரு கள்ளக் கடதாசியும் செய்யவில்லை. போரும் பாதை இல்லாமையும் செய்த பிழைக்கு இந்தப் பிள்ளைகள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"கடதாசி சரி. நான் அதைத் தொடப்போறதில்லை. ஒருத்தரிட்டையும் சொல்லப்போறதும் இல்லை" என்றார். "ஆனா பதினெட்டு வயசுப் பிள்ளையைப் பதினாறு வயசுப் பிள்ளையளோட மோத விட்டுத்தான் அந்தக் கிண்ணத்தை எடுத்தனாங்கள். தெரியாமல் எடுத்தது. இப்ப தெரியும்."

அதிபர் விடவில்லை. அவளை நிறுத்திவிட்டு மற்றப் பிள்ளைகளோடு மாகாணத்துக்குப் போகலாமே என்றார். "போறதுக்கான வழியே அவளின்ர கோல்தானே சேர்" என்று அதிபரிடம் சேர் சொன்னார். மாகாணத்துக்கு அனுப்பும் வயதுப் பட்டியலில் உடற்கல்வி ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்றார். அதிபர் ஒரு நாள் முழுதும் அவரோடு கதைக்கவில்லை. அடுத்த நாள், தவிர்க்க முடியாத காரணத்தால் விலகுகிறோம் என்று வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். காரணத்தை எழுதவில்லை. அந்த மட்டில் அதிபரும் பெரிய மனிதர்தான்.

முதலில் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னோம். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "என்ர பிழை என்ன சேர்?"

"உன்ர பிழை ஒண்டும் இல்லை. என்ர பிழை. நான் முதலே கேட்டிருக்கவேணும்."

அவள் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகளிடமும் சேர் அதையேதான் சொன்னார். "பட்டியலில ஒரு பிழை. என்ர பிழை. ஆரெண்டு கேளாதேங்கோ." பிள்ளைகள் அழுதார்கள். தலைவியாக இருந்த பிள்ளை அழவில்லை. அவளுக்கு அது கடைசி வருடம். சப்பாத்தைக் கழற்றி, கயிற்றை ஒன்றோடொன்று முடிந்து, தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறிப் போனாள். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. சேர் செய்ததை நான் மெச்சுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் துணிவில்லை.

சனிக்கிழமை காலை, கிண்ணத்தை ஒரு சீனிப் பைக்குள் போட்டுச் சுற்றிக்கொண்டு சேர் கிண்ணியாவுக்கு வெளிக்கிட்டார். நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. கோபத்தில்தான் போனேன் என்று நினைக்கிறேன். பாலத்தில் ஓட்டோ போய்க்கொண்டிருக்கும்போது கிண்ணம் என் மடியில் இருந்தது.

அந்தப் பாடசாலையின் பயிற்றுவிப்பாளர் இளம் ஆள். பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் நின்றார்.

"எங்கட பக்கத்தில ஒரு பிழை நடந்துபோச்சு தம்பி. இது உங்கட பிள்ளையளின்ர. வலயத்துக்கு அறிவிச்சாச்சு. மாகாணத்துக்கு நீங்கள்தான் போறீங்கள்."

"என்ன பிழை சேர்?"

"அது எங்களோட இருக்கட்டும்."

அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. தோற்றது தோற்றதுதான், மாகாணத்துக்குப் போகிறோம், ஆனால் இதைத் தன் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று தயங்கினார். கடைசியில் இருவரும் கிண்ணத்தை அங்கே இருந்த மர வாங்கில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல், அவருடைய நடுக்களப் பிள்ளைக்கு இடது காலைப் பழக்குவது எப்படி என்று முக்கால் மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் திரும்ப வெளிக்கிடும்போதும் கிண்ணம் வாங்கிலேயே இருந்தது. வழியில் சேர் என்னிடம் கேட்டார்: "மாகாணத்தில அவையள் முதல் ஆட்டம் ஆரோட?" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கட்டைபறிச்சான் பிள்ளை மூன்று கிழமை மைதானத்துப் பக்கம் வரவில்லை. என் வகுப்பில் இருப்பாள், ஆனால் முகம் கொடுக்கமாட்டாள். சேர் அவளைத் தேடிப் போகவில்லை. இருபது வயதுக்குட்பட்ட அணி ஒன்றைத் தொடங்கப்போவதாக விளம்பரப் பலகையில் ஒரு துண்டு ஒட்டினார். எங்களிடம் அந்த வயதில் விளையாடக்கூடியவர்கள் ஒன்பது பேர்கூட இருக்கவில்லை. ஆரை வைத்து விளையாடப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அவளுக்கு விளையாட ஒரு இடம் வேணும் ரீச்சர். மிச்சப் பேரைப் பிறகு பாப்பம்." மற்ற நேரம் வலைப்பந்து விளையாடுபவர்களைக் கெஞ்சிக் கூட்டி வந்து பதினொரு பேரை நிரப்பினார். அவள் வந்தாள். முதல் நாள் சேரோடு கதைக்கவில்லை. பந்தோடு மட்டும் கதைத்தாள். அந்த அணி வலயத்தைத் தாண்டவில்லை. ஆனால் அவள் அங்கே அடித்த கோல்களைப் பார்த்துத்தான் விளையாட்டுக்கான தெரிவில் அவளை ஆசிரியர் பயிற்சிக்கு எடுத்தார்கள். இப்போது மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறாள். என்னோடு தொலைபேசியில் கதைப்பாள். சேரைப் பற்றிக் கேட்பாள். அந்த விடயத்தைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

அதன்பின் மாவட்டம் எங்களுக்கு நான்கு தடவை கிடைத்தது. மாகாணத்தில் இரண்டு தடவை இறுதி வரை போய்த் தோற்றோம். சேர் மாறவே இல்லை. நன்றாக விளையாடினாய் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. "இண்டைக்கு நிண்ட இடம் சரி" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய புகழ்ச்சி. அதைக் கேட்டவள் அன்று முழுக்கத் தரையில் நடக்கமாட்டாள். வீட்டுக்கு அவர் அவ்வளவு உதவியான ஆள் இல்லை. கலியாண வீடுகளுக்கெல்லாம் தான் தனியாகத்தான் போய் வருவதாக அவருடைய மனைவி என்னிடம் சொன்னா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் சொன்னா.

தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அது முடிய, நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. போட்டிகள் பிந்திப் பிந்தி ஒருவாறு நடந்தன. மாகாண இறுதிச் சுற்று மட்டக்களப்பில். பேசி வைத்திருந்த வான்காரர் முதல் நாள் மாலை டீசல் இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

கோல் காத்த பிள்ளை எப்போதோ படிப்பை முடித்துக் கலியாணமும் கட்டிவிட்டாள். அப்போது கோலில் நின்றது அவளுடைய தங்கை. விசயம் தகப்பனுக்குப் போனது. விடியக் காலை ஐந்து மணிக்கு, வரிசையில் நின்று அடித்து வைத்திருந்த டீசலோடு, அவருடைய மீன் லொறி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது.

"மூணு தரம் கழுவினன் ரீச்சர். சவுக்காரம் போட்டுக் கழுவினன். ஆனா இது போகாது. பதினஞ்சு வருசத்து மீன்."

உள்ளே பாய் விரித்திருந்தார். பிள்ளைகள் ஏறினார்கள். நான் முன்னுக்கு, அவருக்குப் பக்கத்தில். சேர் பின்னால் பிள்ளைகளோடு நிற்க முடியாது என்பதால், லொறிக் கதவின் பக்கம் என்னை நெருக்கிக்கொண்டு, பந்து மூட்டையை மடியில் வைத்தபடி இருந்தார். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை. காற்றுக்காகப் பின் கதவைப் பாதி திறந்து கயிறு கட்டியிருந்தோம். வாகரை தாண்டும் வரை பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். பிறகு மீன் நாற்றம் தாங்காமல் இரண்டு பேர் சத்தி எடுத்தார்கள்.

மைதானத்தில் இறங்கினபோது மற்ற அணிகளின் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகள் கூனிப்போனார்கள். சேர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தினார்.

"நாறுதோ?"

"ஓம் சேர்."

"நல்லது. கிட்ட வரமாட்டினம். பந்தை வசதியா அடிக்கலாம்."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அரையிறுதியை வென்றோம். பின்னேரம் இறுதி. முதல் பாதியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பந்து கூட்டத்துக்குள் விழுந்து, அணியிலேயே ஆகச் சின்னவளான, பின்வரிசையில் விளையாடும் பிள்ளையின் முழங்காலில் பட்டு, வழிந்து கோட்டைக் கடந்தது. அழகான கோல் இல்லை. அவளுக்கே அது கோல் என்று தெரிய நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு பதினேழு நிமிடங்கள் இருந்தன. அதில் பதினொன்று போனபின், ஏதோ சொல்லச் சேரைத் திரும்பிப் பார்த்தால், அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்தபடி நிற்கிறார். கைகள் இரண்டும் பின்னால் கட்டியிருந்தன. அத்தனை வருடங்களில் நான் அதைக் கண்டதில்லை. எந்த இறுதியிலும் நான் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ரீச்சர், எவ்வளவு நேரம் கிடக்கு?"

"ஆறு நிமிசம்."

"எல்லாரும் நிக்கிற இடத்தில நிக்கினமோ?"

"நிக்கினம் சேர்."

"ஏழாம் இலக்கம்?"

"கொஞ்சம் முன்னுக்குப் போயிட்டாள். இப்ப வந்திட்டாள்."

கடைசி ஆறு நிமிடத்தையும் நான்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன். விசில் ஊதினபோது அவர் திரும்பவில்லை. பிள்ளைகள் ஓடிவந்து மோதித்தான் திரும்பினார். லொறிக்காரர் எல்லைக்கோட்டுக்குள்ளேயே ஓடி வந்து மகளைத் தூக்கிவிட்டார். மத்தியஸ்தர் தடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது யாருக்கும் மீன் மணக்கவில்லை. அல்லது மணந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் சேருக்கு அறுபது நிறைந்தது. ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் ஆசிரியர்கள் கதைத்தார்கள், அதிபர் கதைத்தார், பழைய பிள்ளைகள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். ஆண்கள் பாடசாலையில் அவரிடம் பழகிய சிலர், இப்போது நரை விழுந்தவர்கள், பின்வரிசையில் நின்றார்கள். சேரைக் கதைக்கச் சொன்னபோது, "மைதானத்தின்ர கடல் பக்கத்துக்கு ஒரு வலை அடிச்சுத் தாங்கோ, பந்து போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தார். வலை இன்னும் அடிக்கவில்லை.

புதிய உடற்கல்வி ஆசிரியர் வர ஏழு மாதம் எடுத்தது. அதுவரைக்கும் அணியை நான் பார்த்தேன். பயிற்சிக்கு வந்து போங்கள் என்று சேரைக் கேட்டேன். "நான் வந்தால் பிள்ளையள் உங்களைப் பாக்காதுகள்" என்று மறுத்துவிட்டார். நான் தனியாகக் கொண்டுபோன முதல் ஆட்டம் வலயப் போட்டி. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஐம்பத்து நான்கு வயதில் இவ்வளவு சந்தோசம் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. வீட்டுக்குப் போக முதல், மைதானத்திலேயே நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். யார் கோல் அடித்தது, எப்படி விழுந்தது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருத்தி வச்சிருந்த பிள்ளையளையும் இறக்கினனீங்களோ?" என்றார்.

இரண்டு பேரை இறக்கவில்லை. வெல்லலாம் என்ற ஆசையில் மறந்துபோனேன். வாங்கில் சப்பாத்தும் போட்டுக் கயிறும் கட்டி முழு நேரமும் இருந்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள்.

"இல்லை சேர்."

"சரி" என்றார்.

நான் பஸ்ஸடிக்கு நடந்தேன். அந்த இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பஸ்ஸுக்காக நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, அடுத்த ஆட்டத்தில் முதலில் இறங்குவது நீங்கள் இரண்டு பேரும்தான் என்று சொன்னேன்.